கழுத்தளவுத் தண்ணீர்

அத்தியாயம் 6

அந்த வீடியோவில் தெரிந்த எல்லாவற்றிலும் கொக்கின் மீதுதான் பெனிட்டாவுக்கு நம்பிக்கை வந்தது.

பழவேற்காட்டிலிருந்து கிளம்பிய ஃபைபர் படகு பசியாவரத்தைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. டீசல் வாடையும் நேற்றைய மீன் வாடையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. பெனிட்டா நடுப்பலகையில் அமர்ந்து, முந்தானையை மொபைலுக்குக் குடைபோலப் பிடித்து, அதே வீடியோவை மறுபடியும் ஓடவிட்டாள். எதிரே அவளுடைய உதவியாளன் மோகன்குமார் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் தன் தொந்தியைத் திணித்துக்கொண்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பொன்னேரி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். தண்ணீர் என்றால் அபிஷேகத் தண்ணீரே போதும் என்பான்.

வீடியோ அரை நிமிடம்கூட ஓடவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெண் இடமிருந்து வலமாக வேகமாக நகர்கிறாள். பனையோலையில் பின்னிய மீன் கூடையான பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் சேற்றைத் துழாவி இறால் தேடுகின்றன. அவளுக்குப் பின்னால், கலங்கிய தண்ணீரில் துள்ளுகிற குஞ்சு மீனுக்காக ஒரு வெள்ளைக் கொக்கு. படத்தின் அடியில் உதவித்தொகை அலுவலகத்தில் யாரோ சிவப்பு எழுத்தில் அடித்திருந்தார்கள்: நடக்க இயலாதவர் என்று உதவித்தொகை கேட்பவர்.

"மோகன், கொக்குக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது மேடம். எனக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்துல நாங்க ஒரே கட்சி."

"அப்போ இந்தம்மா கழுத்து முழுகுற தண்ணியில நடக்குறப்போ, கைக்கெட்டுற தூரத்துல கொக்கு மட்டும் எப்படி முட்டி தெரிய நிக்குது?"

மோகன்குமார் விளிம்பிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். கொக்கு ஸ்டூல் போட்டுக்கொண்டு நிற்கிறதோ என்று சந்தேகம் கேட்டான். பிறகு சிரிப்பு அடங்கி, மெல்ல விசிலடித்தான்.

பெனிட்டா படகோட்டி பெரியசாமியிடம் மூங்கில் கழியை வாங்கி, படகின் பக்கவாட்டில் செங்குத்தாக இறக்கினாள். கழி உடனே சேற்றைத் தொட்டது. வெளியே எடுத்தபோது ஈரம் ஒரு முழங்கூட ஏறியிருக்கவில்லை. இந்தப் பக்கம் நெடுக இதே ஆழம்தான் என்றார் அவர். வீடியோவில் இருந்தவள் நடக்கவில்லை. வயிற்றை மண்ணில் வைத்து, கைகளால் இழுத்து இழுத்துத் தவழ்ந்துகொண்டிருந்தாள். தலையும் கழுத்தும் மட்டுமே வெளியே தெரிந்தன. மறுவிசாரணைக் குழுவில் இருந்தவர்கள் அந்தத் தலையைப் பார்த்தார்கள். மீதி உடம்பை அவர்களே நிற்க வைத்துக்கொண்டார்கள்.

இதை அவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா? பெனிட்டா படகுக்கு வெளியே துப்பினாள். வாயில் எதுவும் இல்லை. ஆனாலும் துப்ப வேண்டும் போலிருந்தது.

வந்த கதையை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். உதவித்தொகை மறுவிசாரணைக் குழுவின் தலைவர் உதயகுமார், போன வாரம் பொன்னேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் பெனிட்டாவின் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தார். மாற்றுத்திறனாளிகளின் பழைய சான்றுகள் செல்லாது, எல்லோரையும் திரும்பப் பரிசோதித்துப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததிலிருந்து, அதற்கான விசாரணையை நடத்துவது அவருடைய குழு. முன்பெல்லாம் ஒரு மனு இரண்டு மழைக்காலம் காத்துக் கிடக்குமாம். தான் வந்த பிறகு வரிசை மளமளவென்று குறைந்து, மேலிடத்தில் பாராட்டுகிறார்களாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது என்று அவர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். டவுன் பக்கம் பத்து மனுவில் ஏழு தேறுகிறது. ஏரிப்பக்கம் பத்தில் ஒன்று தேறினால் அதிசயம். காரணம், ஏரியிலிருந்து யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் மனுதாரர்களை வீடியோ எடுத்துக் குழுவின் எண்ணுக்கு அனுப்புகிறான். எளாவூர்ப் பக்கம் வேறு எவன் பெயரிலோ வாங்கிய சிம். கொஞ்ச நாளாக அந்த எண்ணும் உயிரோடு இல்லை. ஆள் யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும்.

"ஏழை ஜனங்க மேடம். மனசு கேக்கல," என்று சொல்லிவிட்டுப் போனார். பெனிட்டா நம்பினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள்தான். இருந்தும் நம்பினாள்.

அனுப்பப்பட்ட வீடியோக்களில் கடைசியானது இந்தக் கொக்கு வீடியோ. அதில் இருப்பவள் ருக்கு. இன்று மத்தியானம் தோணிமேடு என்ற திட்டில் நடக்கும் முகாமில் அவளுடைய மறுவிசாரணை. அதிலும் தள்ளிவிட்டால் மேலே முறையிட இடமில்லை.

"சரி, எடுத்தவனைப் பத்திச் சொல்லு. உன் தொழிலாச்சே," என்றாள் பெனிட்டா.

மோகன்குமார் எல்லா வீடியோக்களையும் ஒருமுறை தள்ளித் தள்ளிப் பார்த்தான். பயம் கொஞ்சம் போய்விட்டது. படகிலிருந்து எடுத்ததில்லை என்று முதலில் சொன்னான். படகாக இருந்தால் தொடுவானம் பெண் வீட்டுக்காரர் தலைபோல ஆடிக்கொண்டே இருக்கும். இதில் அசையவில்லை. தண்ணீரில் காலூன்றி நின்று எடுத்திருக்கிறான். அப்புறம் ஒரு வேடிக்கை. எந்த வீடியோவும் நேராக முடியவில்லை. முடிகிற நொடியில் படம் இடது பக்கமாகச் சரிந்து தண்ணீரைக் காட்டிவிட்டு நிற்கிறது.

"பிடிச்ச கையாலேயே நிறுத்துறான் மேடம். கட்டைவிரலை நீட்டி எட்டிப் புடிக்கிறான், போன் கவுந்துக்குது. நம்மாளுங்க எல்லாம் ஒரு கையில புடிச்சு இன்னொரு கையால அமுக்குவாங்க. இன்னொரு கையில தட்டு வெச்சிக்கினு எடுத்தா இப்படித்தான் வரும். பந்தியில நான் நெறைய எடுத்திருக்கேன்."

"ஏரியில எவன் தட்டு வெச்சிக்கிட்டு நிக்கப் போறான்?"

மோகன்குமார் மறுபடி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். பதிலில் பாதி பெனிட்டாவிடம் இருந்தது.

தோணிமேட்டில் துறை என்று எதுவும் கிடையாது. படகு சேற்றில் முட்டி நின்றது, இறங்கி நடக்க வேண்டியதுதான். கைகால் முடியாதவர்களுக்கான முகாமை இங்கே வைக்க வேண்டும் என்று எந்த மூளைக்குத் தோன்றியதோ. பக்கத்துத் திட்டுகளிலிருந்து வந்தவர்களைச் சொந்தக்காரர்கள் முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் பந்தல் போட்டாகிவிட்டது. உதயகுமாரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. காத்திருப்போர் இல்லாத வட்டம் என்று அதன் கீழே எழுதியிருந்தது. குழுவுக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி, பிரியாணிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. மனுதாரர்களுக்கு மணல் இருந்தது.

ருக்குவின் வீடு புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பின்னால். கையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சூம்பிப்போன இரண்டு கால்களையும் பின்னால் இழுத்தபடி வாசலுக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தோள்கள் படகு வலிக்கிற ஆண்பிள்ளைத் தோள்கள். கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருந்தது.

முதல் விசாரணை எப்படி நடந்தது என்று அவள் சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை. நடந்ததே அவ்வளவு நேரம்தான். இரண்டு மழைக்காலம் காத்திருந்து போனாள். டிவியில் வீடியோவைப் போட்டார்கள். யாரோ நீச்சல் ராணி என்று சிரித்தார்கள். தவழ்கிறேன் என்று சொன்னாள். மருத்துவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு இறாலை உரிக்கிற நேரத்துக்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் ஒன்றும் கிடைக்காத மாதங்களில் அவளுக்கு அரிசி வாங்கித் தந்தது அந்தத் தொகைதான்.

அன்றிலிருந்து ஏரியில் இறங்கவே இல்லை என்றாள். மோகன்குமார் ஏன் என்று கேட்டான்.

"எறங்குனா நடக்குறேன்னு எழுதறாங்க. கரையில கெடந்தா பட்டினி. நான் எங்க இருந்தா ஒத்துக்குவாங்கன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

மோகன்குமார் குனிந்து தன் செருப்பிலிருந்த சேற்றைத் தட்டினான்.

உனக்கு யார் விரோதி என்று பெனிட்டா கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் உண்மை வராது. வேறு மாதிரி கேட்டாள்.

"தண்ணி வத்துற நேரத்துல எல்லாரும் ரெண்டு கையையும் சேத்துல வுட்டு இறால் தடவுறீங்க. அந்த நேரத்துல கை வேலையில்லாம சும்மா நிக்குற ஆள் இந்த மேட்டுல யாராச்சும் உண்டா?"

ருக்கு உடனே நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது. பிறகு, "இல்ல மேடம். அண்ணன் அப்படிச் செய்யாது," என்றாள்.

"எந்த அண்ணன்?"

ருக்கு செருப்பு மாட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவள் கண் வடக்கே போய்த் திரும்பிவிட்டது.

வடக்கு ஓரத்தில் நண்டுக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. காவலுக்கு ஒரு மனிதர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவைக் கயிறு. சட்டையின் இடது கை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. இன்ஜின் பெல்ட்டில் கை போனதாகப் படகிலேயே பெரியசாமி பேச்சுவாக்கில் சொல்லியிருந்த ஆபிரகாம் இவர்தான் என்று தெரிந்தது. இறால் தடவ இரண்டு கை வேண்டும். ஒரு கைக்காரருக்கு ஏரியில் நின்று பார்ப்பதைத் தவிர வேலை இல்லை.

விசாரணையெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார்போலச் சிரித்துப் பேசி அவரையே ஒன்று எடுக்க வைக்கலாம் என்று மோகன்குமார் கிசுகிசுத்தான். மிதவைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டியபடி போனான். மெட்ராஸிலிருந்து ஏரி பார்க்க வந்திருப்பதாகவும், தண்ணீரில் இறங்கிய வீரத்தை வீட்டுக்காரி நம்ப வேண்டும் என்றும் சொல்லி, மொபைலை ஆபிரகாமின் கையில் கொடுத்தான். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். மோகன்குமார் கணுக்கால் தண்ணீரில் நின்று கும்பிடு போட்டான். அவர் எடுத்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பெனிட்டா வாங்கி ஓடவிட்டாள். படம் ஆடாமல் அசையாமல் இருந்தது. முடிகிற நொடியில் இடது பக்கம் சரிந்து, தண்ணீரைக் காட்டிவிட்டு நின்றது. ருக்குவின் வீடியோவை அடுத்ததாக ஓடவிட்டு, இரண்டையும் ஒன்றும் பேசாமல் அவரிடம் நீட்டினாள்.

ஆபிரகாம் மறுக்கவில்லை. கூண்டின் மேல் உட்கார்ந்தார். போலீசா என்று கேட்டார். இல்லை என்றதும் ஏமாற்றம்போல ஒன்று அவர் முகத்தில் வந்து போனது.

"என் முறை வரணும்னுதான் செஞ்சேன்," என்றார். "ஏரியில பாடு கட்டுறோம் இல்ல, அத்தப் போல. சீட்டு குலுக்கிப் போட்டு எவனுக்கு எந்த நாளு, எந்த எடம்னு வெப்போம். முன்னால கீறவன் வரலன்னா அடுத்தவன் வலை எறக்கலாம். அது நாயம். யாரும் கேக்க முடியாது. போன முகாம்ல, அதோ அந்தப் படத்துல கீற சார், மைக்ல அதத்தான் சொன்னாரு. உங்க முன்னாடி நிக்குறவங்கள்ல பொய்யானவங்க வெலகுனா உங்களுக்குச் சீக்கிரம் வரும்னாரு. நம்பரும் குடுத்தாரு. எனக்கு முன்னால யார் யார் கீறாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாம் நம்ம ஜனம்தான்."

"அவங்க நடக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நான் பொய் ஒண்ணும் எழுதல மேடம். ஏரியில இருந்தாங்க, எடுத்தேன். அவ்ளோதான்."

இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்? பெனிட்டாவுக்கு அவர் பக்கத்தில் நிற்கவே கூசியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று, நிதானமாக விளக்கினாள். இது பாடு இல்லை. அரசாங்கத்தில் அப்படி ஒரு வரிசை கிடையாது. ஒவ்வொரு மனுவும் தனித்தனி. முன்னால் இருப்பவரைத் தள்ளினால் பின்னால் இருப்பவர் ஒரு அடிகூட நகர்வதில்லை. தள்ளுபடியான மனுவும் முடிந்த மனு என்று குழுவின் கணக்கில் ஏறும், அவ்வளவுதான்.

ஆபிரகாமுக்கு முதலில் புரியவில்லை. அப்போ யாருக்குக் கிடைத்தது என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள். மறுபடி அதையே கேட்டார். மறுபடி அதையே சொன்னாள்.

ருக்குவை எடுத்து அனுப்பிய பிறகும் தனக்கு நாள் வரவில்லை என்றும், அவள் தண்ணீரில் இறங்காமல் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சிம்மைப் பிடுங்கி ஏரியில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். இன்றைக்குத்தான் அவருக்கும் நாள் வந்திருந்தது. ருக்குவுக்கு அடுத்த பெயர் அவருடையது.

பெனிட்டா அங்கே மேற்கொண்டு நிற்கவில்லை. மைக்கில் அப்படிச் சொன்ன உதயகுமார்தான் அவளை வேலைக்கு வைத்தவர்.

உதயகுமார் தனிப் படகில் வந்து இறங்கினார். பேன்ட் நனையாமல் இருக்க இரண்டு பேர் பலகை போட்டார்கள். பெனிட்டாவைக் கண்டதும் பந்தலுக்குப் பின்னால் ஒதுக்கி அழைத்துப்போய், ஆள் கிடைத்தானா என்று ஆவலோடு கேட்டார். கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"இன்னா மேடம் கேள்வி இது. அவன் நிறுத்துனதுல இருந்து ஏரிப்பக்கம் எதுவும் பைசல் ஆகல. திரும்பப் பெண்டிங் ஏறுது. டாக்டருங்க உக்காந்து ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாக்க ஆரம்பிச்சா இந்த ஜென்மத்துல முடியுமா? அவனுக்கு நம்ம ஆபீஸ் ஐடி கார்டே போட்டுக் குடுத்துடலாம். நல்லா எடுக்குறான். அந்த மாதிரி ஆளை வுட்றக் கூடாது."

பெனிட்டா விடவில்லை. வீடியோவில் இருப்பவள் தவழ்கிறாள், தண்ணீர் முட்டிக்குக்கூட வராது என்று சொன்னாள். அதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படுவார் என்று கடைசியாக ஒரு நப்பாசை.

உதயகுமார் சிரித்தார். "எனக்குத் தெரியாதா மேடம்? நானும் எளாவூர்க்காரன்தான். சின்ன வயசுல இந்தத் தண்ணியில வெளாடுனவன். எனக்குத் தெரிஞ்சு இன்னா ஆவப் போவுது? வீடியோ கீதே. வீடியோவுக்கு மேல ஒரு சாட்சி உண்டா?" கையை நீட்டினார். "பேரைச் சொல்லுங்க."

பெனிட்டா அந்தக் கையைத் தொடவில்லை. பெயர் விசாரணை முடிந்த பிறகு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"மேடம், பேய் ஓட்டக் கூப்பிட்டதே பேய்தானா?" என்றான் மோகன்குமார். எல்லாவற்றையும் பந்தல் துணிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தான்.

முதலில் ருக்குவைக் கூப்பிட்டார்கள். மணலில் கையூன்றி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றாள் என்று சொல்வது பழக்க தோஷம். அவள் தலை மேசையின் விளிம்புக்குக் கீழே இருந்தது. வழக்கமான மருத்துவர் விடுப்பில் போயிருந்ததால் நந்தினி என்ற இளம் எலும்பு மருத்துவர் அன்று புதிதாக வந்திருந்தார். அவர் ருக்குவைப் பார்க்க எழுந்தபோது, அதற்கு அவசியமில்லை என்று உதயகுமார் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வீடியோவை ஓடவிட்டார். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்றும் சொன்னார்.

பெனிட்டா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முன்னால் வந்தாள். உதயகுமார் அவளை முன்பின் பார்த்திராதவர்போல நிமிர்ந்தார்.

"மனுதாரரும் அவங்க தரப்பு ஆளும் தவிர இங்க யாரும் பேச விதி கிடையாது. நீங்க யார் தரப்பு?"

அன்று காலை வரை அவள் அவருடைய தரப்பு. பின்வாங்கினாள். மருத்துவர் வீடியோவைப் பார்த்து முடித்து, தயக்கத்தோடு பேனாவை எடுத்தார்.

"அத்த எடுத்தது நான்தான்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆபிரகாம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நண்டுக் கூண்டுகளை விட்டு எப்போது பின்னாலேயே நடந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ருக்குவை மட்டும் அவர் பார்க்கவில்லை. தான் நின்ற இடம் அதோ, அந்தக் குச்சி நட்டிருக்கிற இடம், வந்து பாருங்கள் என்று மருத்துவரிடம் சொன்னார். பிறகு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நேராக ஏரிக்குள் நடந்தார். போகப் போகத் தண்ணீர் ஏறும் என்று மருத்துவர் எதிர்பார்த்தார். குச்சியின் அருகே போய்த் திரும்பி நின்றார். முழங்காலுக்குக் கீழே இருந்தது தண்ணீர்.

விதியில் இடப்பார்வை கிடையாது என்று உதயகுமார் சொல்லிக்கொண்டிருந்தார். நந்தினி செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் விட்டார்.

ருக்கு யாரையும் கேட்கவில்லை. எந்தத் தண்ணீர் அவளைக் கெடுத்ததோ, எதில் இத்தனை நாளாக இறங்கப் பயந்து பட்டினி கிடந்தாளோ, அதை நோக்கி அவள் திரும்பினாள். கையிலிருந்த ரப்பர் செருப்புகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஈர மணலில் உடம்பை இழுத்துப்போய்த் தண்ணீருக்குள் விட்டாள். கரையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தவள், உள்ளே போனதும் சில இழுப்பிலேயே குச்சியின் அருகில் இருந்தாள். கழுத்தும் தலையும் மட்டும் தெரிந்தன. கணினித் திரையில் உறைந்து நின்ற அதே படம்.

மருத்துவர் புடவை நனைய நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் கீழே அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அந்தக் கால்களைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ கேட்டார். ருக்கு ஏதோ சொன்னாள். காற்றில் கரைக்கு எதுவும் கேட்கவில்லை. மோகன்குமார் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான், தானும் முட்டியளவுத் தண்ணீரில் நிற்கிறோம் என்பதையே மறந்து.

நந்தினி திரும்பி வந்து, உட்காராமலேயே எண்பது சதவீதம் ஊனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏரிப்பக்கம் வீடியோ காட்டித் தள்ளுபடி செய்த மற்ற மனுக்களும் தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவை பைசல் ஆனவை என்றார் உதயகுமார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. பெனிட்டாவால் தாங்க முடியாதது அதுதான். அகப்பட்டுக்கொண்டோம் என்ற வெட்கம்கூட அந்த முகத்துக்கு எட்டவில்லை.

"அடுத்து ஆபிரகாம்," என்றார்.

ஆபிரகாம் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"ஏரியில எறங்கி நின்னு, ஆடாம அசையாம வீடியோ எடுத்திருக்கே. நீயே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கினே. இவ்ளோ வேலை செய்யற கைக்கு இன்னா ஊனம்? பொய்த் தகவல் குடுத்ததுக்குத் தனியா போலீஸ்ல எழுதணும்." பிறகு கூட்டத்துக்கு மேலாகப் பார்த்தார். "மேடம், நீங்க தேடுன ஆள் இவன்தான்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்களை வெச்சதே அதுக்குத்தான்."

ஆபிரகாம் தலையைக் குனிந்துகொண்டார். தனக்குச் சேர வேண்டியதுதான் என்பதுபோல இருந்தது அந்தக் குனிவு. இந்த மேட்டில் பாதி வீடுகளின் அரிசியைக் கெடுத்தவர். அவர்மேல் பெனிட்டாவுக்கு இருந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மணலில் நடந்துபோய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உங்களுக்காக வேலை பார்த்தேன் சார். அது காலையோட முடிஞ்சுது." ஆபிரகாமின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க தரப்புல நான் பேசலாமா?"

அவர் பெனிட்டாவைப் பார்க்கவில்லை. முதல்முறையாக ருக்குவைப் பார்த்தார். அவள் அப்போதுதான் கரையேறி, பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்தாள். கையைத் துடைத்தாள்.

"பேசட்டும்ணே," என்றாள்.

பெனிட்டா மேசையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். பக்கத்து நாற்காலியில் மருத்துவர் நந்தினி ஒரு புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இப்போ நான் மனுதாரர் தரப்பு சார். விதி இருக்கு, பேசலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. போன முகாம்ல இதே மைக்ல நீங்க இன்னா சொன்னீங்க?"